கறுப்பு வெள்ளாடு

கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதுவரை மூணாறில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தேன். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. காலையில் கதவைத் திறந்ததும் யானை வந்து போயிருக்கிறதா என்று தரையைப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தெளிப்போம். புதருக்குள் அசைவது காட்டெருமையா, பக்கத்து லயத்து மாடா என்று நூறடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். ஆனால் ஆடு என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தொங்குகிற பொருள். தொங்கும்போது எல்லா ஆடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் படித்தது முழுக்க மலையாளத்தில். கணவர் ஊரும் எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாள நாடுதான், ஆனால் எல்லோரும் பேசுவது தமிழ்; மலையாளம் அரைகுறையாகப் பேச வரும், எழுதப் படிக்க வராது. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வருகிற காகிதமெல்லாம் மலையாளம். ஆகவே நான் வந்த ஒரு வாரத்துக்குள், "புதுப்பொண்ணு மலையாளம் எழுதுமாமா" என்று சேதி பரவிவிட்டது. ரேஷன் கார்டு, வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் என்று காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வந்த இடத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு மாதத்தில் எல்லோருக்கும் நான் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு மேற்கே தென்னந்தோப்பும் பதினாலு ஆடும் வைத்திருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கணவருக்கு ஒன்றுவிட்ட மாமா. அவருக்கு எதிர்வீட்டில் ஓர் அக்கா. தன் கணவர் இறந்தபின் தனியாக ஆறு உருப்படி வைத்து, பால் விற்று, குட்டி விற்று, மகளைப் பொள்ளாச்சியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கும் அக்காவுக்கும் ஆகாது. அக்காவின் உருப்படிகள் வேலி தாண்டி மாமாவின் தென்னங்கன்றைக் கடித்துவிடும் என்பது அவர் புகார். வருஷத்துக்கு ஒரு மனு கொடுப்பார். அதுவரை யாரோ வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வருஷம் என்னிடம் வந்தார்.

"எழுது அம்மிணி. எதிரூட்டு வெள்ளாடு நம்ம தோப்புக்குள்ள பூந்து அஞ்சு தென்னங்கன்னத் தின்னுபோட்டுது. நடவடிக்கை எடுக்கோணும்."

நான் எழுதினேன். வெள்ளை ஆடுகள் அத்துமீறி நுழைந்து ஐந்து தென்னங்கன்றுகளை நாசம் செய்துவிட்டன என்று, நல்ல இலக்கண சுத்தமான மலையாளத்தில். மாமா கையெழுத்துப் போட்டார். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, படிக்கத் தெரியாவிட்டாலும், எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

பதினைந்து நாள் கழித்து பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். ஆலத்தூர்ப் பக்கத்து மலையாளி. அக்கா வீட்டுக் கொட்டகைக்குள் போனார், வந்தார். மாமா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளார்க் என் வீட்டு வாசல் திட்டில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "பரிசோதனையில் வெள்ளை ஆடு எதுவும் காணப்படவில்லை" என்று எழுதி மனுவை முடித்து வைத்தார். அக்காவிடம் இருந்தது ஐந்து கறுப்பு, ஒரு பழுப்பு.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "கண்ணு முன்னால ஆறு நின்னுச்சேம்மா! காணோம்னு எப்படி எழுதுவான்?" என்று இரண்டு நாள் அடங்காமல் இருந்தார். எனக்கு அவர்தான் புரியவில்லை. கறுப்பு ஆட்டை வெள்ளை என்று மனு கொடுத்தால் வேறென்ன எழுதுவார்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். மாமாவுக்குக் கண்ணில் புரை இருக்கும் போலிருக்கிறது என்று கணவரிடம்கூடச் சொன்னேன். அவர் அறுவடை அவசரத்தில் இருந்தார். "காட்டிப் பாக்கச் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதம் மிருகாசுபத்திரியிலிருந்து ஃபாரம் வந்தது. ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, காதில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை மாட்டி, இன்சூரன்ஸில் சேர்க்கப் போகிறார்கள். ஊரில் அந்த வில்லைக்குக் கம்மல் என்று பெயர். பதினோரு வீட்டு ஃபாரமும் என்னிடம் வந்தது.

ஃபாரத்தில் இரண்டு கட்டம். ஒன்று ஆடு. இன்னொன்று செம்மறியாடு.

மாமா சொன்னார்: "ஆடு பதினாலு. அந்தக் கருமம் புடிச்ச வெள்ளாடு நம்ம ஊட்ல கெடையாது. அதையும் எழுது, இல்லவே இல்லைன்னு."

அக்கா சொன்னார்: "வெள்ளாடு ஆறு. ஆடு இல்ல கண்ணு."

"அக்கா, எல்லாம் கறுப்பா இருக்குதுங்களே?"

"வெள்ளாடு கறுப்பாத்தான் இருக்கும்" என்று அக்கா சிரித்தார். "செவலையும் இருக்கும். வெள்ளைதான் எப்பவாச்சும்."

அப்போதுதான் வெள்ளாடு என்பது நிறமில்லை, ஜாதி என்று எனக்குத் தெரிந்தது. மாமாவின் கண்ணில் கோளாறில்லை என்றும் தெரிந்தது. மனுவில் செய்த தப்பு உறைத்தது. வெளியே சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இந்தத் தடவை கவனமாக இருந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கவனமாக யோசித்தேன். ஊரில் இருப்பது இரண்டு வகை: ஆடு, வெள்ளாடு. ஃபாரத்தில் இருப்பதும் இரண்டு வகை: ஆடு, செம்மறியாடு. ஆடு ஆட்டுக் கட்டத்தில் போகும். மிச்சம் இருப்பது மிச்சம் இருக்கிற கட்டத்தில் போகும். இதில் தப்பு நேர வழியே இல்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம். பாடப் புத்தகத்தில் பார்த்த செம்மறி பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும். இந்த ஊரில் பஞ்சுப் பொதி மாதிரி எதுவுமே இல்லை. மாமாவுடையது அக்காவுடையது எல்லாம் வழவழவென்று, ஒரே உயரத்தில், காது தொங்கிக்கொண்டு நின்றன. அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏப்பா, செம்மறியையும் மத்த ஆட்டையும் எப்படிப்பா கண்டுபிடிக்கது?"

"குழம்பு வச்சா தெரியும்லா" என்றார் அப்பா. "செம்மறின்னா கொழுப்பு மேல மெதக்கும். மத்தது சவ்வு சவ்வா இருக்கும். ஏன், கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"உயிரோட இருக்கிறத கேக்கேன்ப்பா."

"உயிரோட நமக்கு எதுக்குளா?" என்றார்.

பதினோரு ஃபாரத்தையும் என் முறைப்படியே நிரப்பி, ஒரு தடவை சரிபார்த்து, பஞ்சாயத்து மெம்பர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தடுப்பூசி கேம்ப் அன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். தெற்கே கொல்லம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. கூட ஒரு கம்பவுண்டர். எது எங்கே கத்துகிறது என்று தெரியாத அளவுக்குச் சத்தம். மாமா வெளுத்த வேட்டி, சட்டையோடு முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் பதினாலும் ஒன்றின் வயிற்றில் ஒன்று முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரே கட்டியாக நின்றன.

டாக்டர் ஃபாரத்தைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். மறுபடி ஃபாரத்தைப் பார்த்தார்.

"இதில் ஆடு என்னாணல்லோ எழுதியிரிக்குன்னது."

"ஆமாங்க டாக்டர். ஆடுதானுங்க."

"இது ஆடல்ல."

மாமா திரும்பித் தன் மந்தையைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "ஆடில்லீங்களா?"

"அல்ல."

"ஏனுங்க, முப்பது வருசமா மேய்க்கறனுங்க! ஆடில்லாம பின்ன என்னுதுங்க இது, கழுதையா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். படித்த டாக்டர், ஆட்டைப் பார்த்து ஆடில்லை என்கிறார். கம்பவுண்டர், தகராறு பெரிதாவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஆறையும் இழுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒன்று வந்ததும் வராததுமாக முன்னங்காலை மேஜைமேல் வைத்து ஃபாரக் கட்டை முகர்ந்தது. டாக்டர் அதை ஒரு கையால் தள்ளிக்கொண்டே படித்தார்: செம்மறியாடு, ஆறு.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஈ ஃபாரம் ஆரா பூரிப்பிச்சது?"

யார் நிரப்பியது என்று கேட்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பதினோரு வீட்டு ஆட்களும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டினார்கள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பவுண்டரிடம் ஊர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூடக் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: மலையாளத்தில் வெறுமனே ஆடு என்றால் அது இந்த ஊர் வெள்ளாடு. இந்த ஊர்க்காரர்கள் வெறுமனே ஆடு என்று சொல்வது செம்மறியை. நான் இதை அதாகவும், அதை இதாகவும், ஒரு வீடு விடாமல், நூற்றுக்கு நூறு மாற்றி எழுதியிருந்தேன். நடுவில் ஒரு தடவையாவது தப்பு செய்திருந்தால் ஒரு வீட்டு ஃபாரமாவது சரியாக வந்திருக்கும்.

இதை நானே தமிழில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் பேசுவதை மொழிபெயர்க்கவும் நான்தானே ஆள். சொல்லி முடித்தபோது மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, அப்ப என்ற மனுவுல என்ன எழுதுன?"

பொய் சொல்ல நினைத்தேன். அதற்குள் உண்மையே வாயில் வந்துவிட்டது. "வெள்ளை ஆடுன்னு எழுதிட்டனுங்க மாமா."

"வெள்ளையின்னா?"

"வெள்ளைக் கலருங்க."

அக்கா முதலில் முந்தானையால் வாயை மூடினார். அப்புறம் முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கயிறு கைநழுவி ஆறும் ஆறு பக்கம் போயின. ஒன்று பள்ளிக்கூட மதில்மேல் ஏறி நின்றது. கம்பவுண்டர் துரத்திக்கொண்டு ஓடினார். அக்கா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையிலிருந்த மாமாவின் ஃபாரத்தை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க எல்லாரும். மாமா ஊட்ல பதினாலு வெள்ளாடு இருக்குதாமா. கெவுருமென்ட் காயிதத்துல இருக்குது, மாமா கையெழுத்தும் இருக்குது. இனித் தென்னங்கன்னத் தின்னது ஆருன்னு என்னையக் கேக்கோணுமா?"

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெள்ளாட்டை ஒழிப்பதையே லட்சியமாக வைத்திருந்த மனிதரை ஊரிலேயே பெரிய வெள்ளாட்டுக்காரராக்கி, அவரிடமே கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

டாக்டர் பதினோரு புது ஃபாரத்தை என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை யாரும் சொல்லி எழுத வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது என்றார். அந்த நேரம் பார்த்து என் கணவர் பைக்கில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்:

"வாலைப் பாரு. மேல தூக்கிட்டு நின்னா வெள்ளாடு. கீழ தொங்குனா செம்மறி. தாடி இருந்தா வெள்ளாடு. இவ்வளவுதான்."

"இத ஏன் இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே. மாமாவுக்குக் கண்ணுல புரைன்னுதான் சொன்ன."

மாமாவின் மந்தையிலிருந்து ஆரம்பித்தேன். வால் கீழே. வால் கீழே. வால் கீழே. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆத்திரமாக இருந்தது. பதிமூன்று முடிந்தது. பதினாலாவது நடுவில் இருந்தது. மற்றவை போலவே செம்பழுப்பு, அதே உயரம். மாமா அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தடவிக் கொடுப்பதுபோல அதன் பின்புறத்தில் கையை வைத்திருந்தார். வால் அவர் உள்ளங்கைக்குள் இருந்தது.

"மாமா, கையை எடுங்க."

"பதினாலும் ஒண்ணுதான் அம்மிணி. எழுதிக்க."

"பாத்து எழுதச் சொல்லியிருக்காங்க மாமா."

அப்போது மதில்மேல் நின்ற அக்காவின் ஆடு ஒரு குரல் கொடுத்தது. மற்ற பதிமூன்றும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இது மட்டும் காதை விடைத்து, தலையைத் தூக்கி, மதிலைப் பார்த்து ஒரு பதில் கொடுத்தது. வால் மாமாவின் கையைத் தட்டிவிட்டுக் கொடி மாதிரி மேலே நின்றது.

இத்தனை நாளில் நானாகக் கண்டுபிடித்த முதல் வெள்ளாடு. ஆனாலும் தாடி இல்லையே என்று தாடையைத் தடவிப் பார்த்தேன். கை குத்தியது. இரண்டு நாள் சவரம் செய்யாத ஆம்பளை முகம் மாதிரி இருந்தது.

டாக்டர் வந்து அதே இடத்தைத் தடவினார். "இதெந்தா, ஷேவ் செய்தோ?"

மாமா என்னை மட்டும் டாக்டரின் ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

போன வருஷம் பொள்ளாச்சிச் சந்தையில் அஞ்சு குட்டி மொத்தமாக வாங்கினாராம். நல்ல மழை. எல்லாம் நனைந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு, சாக்குக்கு அடியில் நடுங்கிக்கொண்டு இருந்தன. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்கி, துடைத்து, காய்ந்தபின் பார்த்தால் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றதாம்.

"முப்பது வருசம். கண்ணக் கட்டி வுட்டாலும் தொட்டுச் சொல்லுவேன்னு ஊரெல்லாம் பேசியிருக்கறேன். எப்படிச் சொல்லுவேன், சொல்லு?"

"வித்திருக்கலாமே மாமா?"

"விக்கோணும்னா ஊரு வழியா ஓட்டிட்டுப் போகோணும். அவ பாத்துருவா." பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுவுமில்லாம, பதினாலுல இதொண்ணுதான் அம்மிணி, கூப்புட்டாத் திரும்பிப் பாக்குது. மத்ததுக்கு நான் மாமனா மச்சானான்னுகூடத் தெரியாது. இவன் எங்க இருந்தாலும் ஓடியாந்துருவான்."

வாரத்துக்கு ஒரு தடவை, வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டிவிடுவாராம்.

"அப்ப தென்னங்கன்னு?"

மாமா ஜீப் டயரைப் பார்த்தார். "ரெண்டு இவன் தின்னது. மூணு அவளோடதுதான். அது சத்தியம்."

திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டார். "பதினாலுன்னே எழுதக்கூடாதா?"

"முடியாதுங்க மாமா. இப்பத்தான் நான் ஒழுங்கா எழுதவே கத்துக்கிட்டேன்."

செம்மறியாடு பதிமூன்று, ஆடு ஒன்று என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கம்மல் மாட்டும்போது மாமாதான் தலையைப் பிடித்துக்கொண்டார். கம்பவுண்டர் வில்லையை அழுத்தியதும் அது அலற, மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இனி மாமா ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைத்துப் பயந்தேன். அக்கா வந்தார். அந்தக் கிடாயின் காதை மடித்துப் பார்த்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். விலாவில் கையை வைத்து அழுத்தினார்.

"என்னுங்க மாமா, இப்படிப் போட்டு வெச்சிருக்கறீங்க? செம்மறிகூடப் புல்லத் தின்னா இதுக்கு எப்படி ஒடம்பு புடிக்கும்? தழை வேணுமுங்க. அதான் கன்னக் கடிச்சிருக்குது." போகும்போது திரும்பி நின்று, "தாடிய வுட்ருங்க. கெடாய்க்கு அதுதானுங்க லட்சணம்" என்றார்.

மறுநாள் காலை அக்கா ஒரு கட்டு அகத்தித் தழையை மாமா வீட்டு வேலிமேல் போட்டுவிட்டுப் போனதை என் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அதற்காகச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் மாமா மறுபடியும் காகிதத்தோடு வந்தார்.

"புது மனு எழுது அம்மிணி. எதிரூட்டு வெள்ளாடு மூணு கன்னத் தின்னுச்சுன்னு போடு."

"போன தடவை அஞ்சுன்னு போட்டோமே மாமா?"

"நாயம்னா நாயம்" என்றார். "மூணுதான் அவளோடது."

எழுதினேன். இந்தத் தடவை அடையாளமும் சேர்த்தேன்: ஐந்து கறுப்பு, ஒரு பழுப்பு. இரண்டு மாதம் கழித்து அதே கிளார்க் வந்தார். எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. எழுத பேனாவை எடுத்தபோது அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அங்கே மாமாவின் கிடாய், கால் சாண் தாடியோடு, புதிதாக நட்ட ஒரு கன்றின் குருத்தைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. மாமா "டேய்!" என்றதும் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றது. வாயில் குருத்து. கிளார்க் இரண்டு பேருமே கட்டி வளர்க்க வேண்டும் என்று எழுதினார். நான்தான் படித்துச் சொன்னேன். வெகு நாளைக்குப்பின் இரண்டு பேரும் ஒரே குரலில் பேசியது அன்றுதான்: பஞ்சாயத்துக்காரனுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள்.

ஃபாரம் எழுதுவதை ஊர் என்னிடமிருந்து பிடுங்கிவிடவில்லை. வேறு ஆள் இல்லை. ஆனால் அந்தக் கேம்புக்குப் பிறகு, ஆட்டைப் பற்றிய காகிதம் எது வந்தாலும் ஆட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். திட்டில் காகிதம், வாசலில் ஆடு. நான் வாலைப் பார்த்து, தாடையைத் தடவி, எழுதுகிறேன். போன வாரம் ரேஷன் கார்டில் பேரனைச் சேர்க்க வந்த ஒருவரும் ஒரு செம்மறியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இது எதற்கு என்று கேட்டேன். போகிற வழி என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. பேரனைக் கூட்டி வரவில்லை, பாருங்கள்.